அசல் என்னும் சொல்லின் தேய்மானம்

நீண்ட பதிவு. மோட்டார் வாகனங்களில் நாட்டமில்லாத நண்பர்களும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். பேசுபொருள் ஒரு பழைய காரின் இயந்திரம்தான். ஆனால் சொல்ல வந்தது பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று.

சென்ற ஆண்டு கொல்கத்தாவில் ஒரு முதிய மெக்கானிக்கை, அவருடைய பட்டறையில், அவரிடம் வேலை கற்கும் இளைஞர்களின் முன்னிலையில் நான் அவமதித்தேன். குரலை உயர்த்தவில்லை, தகாத சொல் எதையும் சொல்லவில்லை. "வேலையில் எங்கோ கவனம் தவறியிருக்கிறது" என்று மட்டும் சொல்லி, தர வேண்டிய கூலியில் பாதியை நிறுத்திக்கொண்டு வந்துவிட்டேன். தவறு அவருடையதன்று என்பது நான்கு மாதங்களுக்குப் பின்னரே எனக்குத் தெரிந்தது. என் தவற்றைச் சொல்லாமல் இந்தப் பொருளைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டு அம்பாசிடர் 1974ஆம் ஆண்டு பதிவு செய்யப்பட்டது. லேக் மார்க்கெட் பகுதியில் குடியிருந்த காலத்தில் தாத்தா வாங்கிய வண்டி. அவர் மறைந்தபின் பல ஆண்டுகள் உறை மூடிக் கிடந்தது. அதற்கு ஐம்பது வயது நிறைந்தபோது மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு எழுந்தது. பட்டறைகளில் வழங்கும் தொழிற்சொற்கள் என் முனைவர் பட்ட ஆய்வுடன் தொடர்புடையவை. எனவே அந்த மெக்கானிக்கை முன்பே அறிவேன். எல்லோரும் அவரை உஸ்தாத் என்று அழைப்பார்கள். நானும் அப்படியே அழைப்பேன். நாற்பது ஆண்டுகளாக அம்பாசிடர் இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டிவருபவர்.

அந்த இயந்திரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பிரித்தானியாவின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாம் வரிசையே இங்கு அம்பாசிடர் ஆயிற்று. அதில் நெடுங்காலம் இருந்தது, பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வடிவமைத்த பி வரிசையைச் சேர்ந்த 1489 சிசி பெட்ரோல் இயந்திரம். இதே வரிசையின் பெரிய உடன்பிறப்பான 1798 சிசி இயந்திரம்தான் 1962 முதல் 1980 வரை வெளிவந்த எம்ஜிபி காரில் இருந்தது. அம்பாசிடர் பிறந்த உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 மே மாதம் வேலை நிறுத்திவைக்கப்பட்டது. 2017இல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் பிரான்சின் பெஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஆக, இன்று அம்பாசிடருக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள், மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், உதிரிப்பாகம் விற்கும் கடைகளும் இருக்கின்றன. உற்பத்தியாளர்தான் இல்லை.

இயந்திரத்தைப் பிரித்தபோது கேம் ஷாஃப்டிலும் டேப்பெட்டுகளிலும் ஐம்பதாண்டுத் தேய்மானம் தெரிந்தது. உஸ்தாத் பழைய எட்டு டேப்பெட்டுகளையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேட்டா, இது நல்ல இரும்பு. முகத்தை மட்டும் சாணை பிடித்துத் தருகிறேன். கேமையும் தீட்டச் சொல்லலாம்." நான் உடன்படவில்லை. இத்தனை செலவு செய்துவிட்டுப் பழையதையே ஏன் போட வேண்டும்? மல்லிக் பஜாரில் ஒரு கடையில் புதிய கேம் ஷாஃப்டும் எட்டு டேப்பெட்டுகளும் கிடைத்தன. அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ஒரிஜினல் என்று இருந்தது. கடைக்காரரும் அதே சொல்லை மும்முறை சொன்னார். நானும் நம்பினேன்.

புதிய இயந்திரம் 1,900 கிலோமீட்டர் ஓடியது. முதலில் டேப்பெட் பக்கமிருந்து மெல்லிய தட்டல் ஒலி. இடைவெளியைச் சரிசெய்தால் சில நாள்கள் அடங்கும், மீண்டும் வரும். பிறகு மா மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கத் தொடங்கியது. இறுதியில் கார்புரேட்டர் வழியே வெடியோசையுடன் புகை திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால், மூன்றாம் சிலிண்டரின் வெளியேற்று வால்வை இயக்கும் கேம் மேடு ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் தேய்ந்திருந்தது. அதற்கு அடுத்ததிலும் தேய்மானம் தொடங்கியிருந்தது. அவற்றின் மேல் அமர்ந்திருந்த டேப்பெட்டுகளின் முகம் கிண்ணம்போல் குழிந்திருந்தது. எண்ணெய்த் தொட்டியின் அடியில் சாம்பல் நிற இரும்புத் துகள். வெளியேற்று வால்வு முழுதாகத் திறக்காததால் எரிந்த வாயு போக வழியின்றி, உள்ளிழுக்கும் வால்வு திறந்த கணத்தில் கார்புரேட்டர் பக்கம் பாய்ந்திருக்கிறது. ஐம்பதாண்டு ஓடிய பழைய பாகத்தில் இல்லாத தேய்மானம், 1,900 கிலோமீட்டர் ஓடிய புதிய பாகத்தில்.

இத்தகைய நேரத்தில் குற்றம் சாட்ட எல்லோருக்கும் எளிதில் கிடைப்பவர் பூட்டியவர்தான். நானும் அதையே செய்தேன். இணையத்தில் இரண்டு இரவுகள் படித்துவிட்டு, புதிய கேமை முறைப்படி பழக்கவில்லை என்று உஸ்தாத்திடம் சொன்னேன். அவர் மறுத்தார். "இருபது நிமிடம் நானே பக்கத்தில் நின்று ஓட்டினேன், நீயும் பார்த்தாயே" என்றார். பார்த்தது எனக்கு நினைவிருந்தது. ஆயினும் பெட்டியின் மேலிருந்த சொல்லை அவருடைய சொல்லைவிட அதிகம் நம்பினேன்.

இந்தப் பாகங்களின் வேலையைச் சற்று நெருங்கிப் பார்த்தால்தான் தேய்மானத்தின் காரணம் விளங்கும். கேம் ஷாஃப்டில் எட்டு மேடுகள் உண்டு. ஒவ்வொரு மேடும் தன் மேல் அமர்ந்த டேப்பெட்டை உயர்த்தும். டேப்பெட் புஷ்ராடை உயர்த்தும். புஷ்ராட் ராக்கரைத் தள்ளும். ராக்கர் வால்வைத் திறக்கும். வால்வின் ஸ்பிரிங் தரும் அழுத்தம் முழுவதையும் மேட்டின் உச்சியில் நூலிழை அகலமுள்ள ஒரு பட்டை தாங்குகிறது. உருளையோ பேரிங்கோ இடையில் இல்லை. இரும்பின் மேல் இரும்பு வழுக்கிச் செல்கிறது. இயந்திரத்துக்குள் மிகக் கடுமையான அழுத்தம் நிலவும் இடங்களுள் இதுவும் ஒன்று.

இந்தக் கடுமையைத் தணிக்க வடிவமைப்பாளர்கள் ஓர் எளிய உத்தியைக் கையாண்டனர். டேப்பெட்டின் முகம் பார்வைக்குத் தட்டையாகத் தோன்றினாலும் பொதுவாக மிகச் சிறிதளவு குவிந்திருக்கும். கேம் மேடும் மிகச் சிறிதளவு சரிந்திருக்கும். இதனால் டேப்பெட் மேலும் கீழும் போகும்போதே தன் அச்சில் மெல்லச் சுழலும். தேய்மானம் முகம் முழுவதும் பரவும். சுழற்சி நின்றால் ஒரே கோட்டில் உராய்ந்து சில மணி நேரத்திலேயே முகம் அழியத் தொடங்கும். அந்தக் குவிவு விரல் நுனிக்கு உணரக் கிடைப்பதன்று. சாணை பிடிப்பவர் அதை விட்டுவிட்டாலும் வாங்குபவருக்குத் தெரியாது.

இதைவிட மறைவானது உலோகம். இவ்வகை டேப்பெட்டுகளை வார்க்கும் நல்ல முறைகளுள் ஒன்றில், உருகிய இரும்பை ஊற்றும் அச்சின் அடிப்பகுதியில் ஓர் உலோகத் தகட்டை வைப்பார்கள். தகட்டைத் தொடும் இரும்பு சட்டென்று குளிரும். மெல்லக் குளிரும் வார்ப்பிரும்பில் கரி, கிராஃபைட்டாகப் பிரியும். சட்டென்று குளிர்ந்தால் பிரிய நேரமின்றி இரும்புடனேயே சேர்ந்து இரும்பு கார்பைடாக உறைந்துவிடும். கார்பைடு மிகக் கடினமானது. ஆகவே தேய வேண்டிய முகம் மட்டும் கல்போல் கடினமாகவும், மற்ற உடல் சாதாரண வார்ப்பிரும்பாகவும் அமையும். தகடு இல்லாமல் வார்த்தாலோ, கலவை பிழைத்தாலோ, மெருகேற்றும்போது கடினப் படலத்தையே அதிகம் சுரண்டிவிட்டாலோ கிடைக்கும் டேப்பெட்டும் அதே நிறம், அதே அளவு, அதே பளபளப்புடன் இருக்கும். காலிப்பர் வைத்து அளந்தாலும் வேறுபாடு தெரியாது.

இந்த இடத்தில்தான் என் அறியாமை உடைந்தது. பொறியியல் கல்லூரி ஒன்றில் உலோகவியல் ஆய்வு செய்யும் தோழி ஒருத்தி, பேச்சுவாக்கில், "கடினத்தை அளந்தாயா?" என்று கேட்டாள். அளக்கலாம் என்பதே அதுவரை எனக்குத் தோன்றவில்லை. புதிய டேப்பெட்டுகள் என்னிடம் இருந்தன. பழையவை? கூலிச் சண்டைக்குப் பிறகு முதன்முறையாக உஸ்தாத்திடம் போனேன். அவர் ஒன்றும் பேசாமல் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் தந்தார். எட்டும் எண்ணெய்த் துணியில் சுற்றிப் பத்திரமாக இருந்தன. எந்த வண்டியிலிருந்து கழற்றியதையும் அவர் எறிவதில்லை.

குவிந்த முகத்தில் ஒரு சிறு பகுதியைத் தட்டையாக்கி, ராக்வெல் சி அளவுகோலில் அளந்தோம். நன்றாகச் செய்த வார்ப்பிரும்பு டேப்பெட்டின் முகம் பொதுவாக ஐம்பதுகளின் நடுவிலோ அதற்கு மேலோ நிற்கும். 1974ஆம் ஆண்டின் டேப்பெட்டுகள் 56, 57, 58 என்று காட்டின. ஒரிஜினல் என்று எழுதிய பெட்டியில் வந்தவற்றுள் தேயாதிருந்த ஒன்று 44 காட்டியது. அழிந்துபோன இரண்டும் நாற்பதைக்கூடத் தொடவில்லை. இது ஒரே ஒரு பெட்டியின் கதை. சந்தையில் விற்பவை எல்லாம் இப்படித்தான் என்று சொல்ல இந்த அளவீடு போதாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் உஸ்தாத்தின் மேல் நான் சுமத்திய குற்றம் பொய் என்பதற்கு இது போதும்.

எண்ணெயைக் குறை சொல்வோரும் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது; அந்தப் பாதியைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் சேர்ந்த, சுருக்கமாக இசட்டிடிபி எனப்படும் ஒரு சேர்மம் எஞ்சின் எண்ணெயில் கலக்கப்படுகிறது. உராயும் இடத்தில் வெப்பம் ஏறும்போது அது இரும்பின் மேல் மெல்லிய காப்புப் படலமாகப் படிகிறது. கேமும் டேப்பெட்டும் நேருக்கு நேர் உராயும் பழைய இயந்திரங்களுக்கு இந்தப் படலம் உயிர்நாடி. ஆனால் பாஸ்பரஸ் புகையோடு வெளியேறி, புதிய கார்களின் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது. அதனால் 2004இல் வந்த ஜிஎஃப்-4 தரம் எண்ணெயில் பாஸ்பரஸின் உச்ச வரம்பை 0.08 விழுக்காடாகக் குறைத்தது. புதிய கார்களைப் பொறுத்தவரை அது சரியான முடிவு. அவற்றுள் பலவற்றில் உருளை வைத்த அமைப்பு இருப்பதால் தேவையும் குறைவு.

ஆனால் பலர் கவனியாத ஒன்று உண்டு. அந்த வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய எண்ணெய்களுக்கு உரியது. அம்பாசிடருக்கு நாம் ஊற்றும் 20டபிள்யூ-50 போன்ற கனத்த எண்ணெய்களைக் கட்டுப்படுத்துவதன்று. எங்கள் வண்டியில் இருந்ததும் 20டபிள்யூ-50தான். மெல்லிய நவீன எண்ணெயைப் பழைய இயந்திரத்தில் ஊற்றுவது தவறே; ஆனால் எல்லாக் கேம் தேய்மானத்துக்கும் எண்ணெயையே காரணம் காட்டுவது, மென்மையான இரும்பை விற்றவருக்குத் தப்பிக்கும் வழியைத் திறந்துவிடுவதாகும். நல்ல எண்ணெய் நல்ல இரும்பைக் காக்கும். இல்லாத கடினத்தை எந்த எண்ணெயும் கொடுக்காது.

இனி என் துறைக்கு வருகிறேன். அசல் என்பது அரபுச் சொல். வேர் என்பது அதன் முதற்பொருள். மூலம் என்ற வடசொல்லுக்கும் வேர் என்றே பொருள். இரண்டு மொழிகளும் ஒரே உருவகத்தைக் கையாண்டிருக்கின்றன: எதிலிருந்து ஒன்று முளைத்ததோ அது அசல். நகல் என்பதும் அரபு வழி வந்ததே. தமிழில் பத்திரத்துக்கு அசலும் நகலும் உண்டு. கடனுக்கு அசலும் வட்டியும் உண்டு. உதிரிப்பாகச் சந்தையில் இந்த இணை ஒரிஜினல், டூப்ளிகேட் என்று வழங்குகிறது. என் ஆய்வுக்காகப் பட்டறைகளில் பதிவு செய்த உரையாடல்களில் மிக அடிக்கடி வரும் இணைகளுள் இதுவும் ஒன்று.

ஒரு சொல்லின் மதிப்பு அதனோடு வேறுபடும் பிற சொற்களால் அமைகிறது என்று மொழியியலாளர் சசூர் கற்பித்தார். இந்தச் சந்தையில் அதை அப்படியே காணலாம். ஒரிஜினல் என்றால் டூப்ளிகேட் அல்லாதது. டூப்ளிகேட் என்றால் ஒரிஜினல் அல்லாதது. இரண்டும் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு நிற்கின்றன, இரும்பைச் சுட்டுவதில்லை. உத்தர்பாராவில் தொழிற்சாலை இயங்கியவரை ஒரிஜினல் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வரைபடம் இருந்தது, ஒரு தர ஆய்வாளர் இருந்தார், குறை இருந்தால் பதில் சொல்ல ஒரு முகவரி இருந்தது. 2014க்குப் பிறகு முளைக்கும் பாகத்துக்கு வேர் எது? வேரில்லாதபோதும் சொல் மட்டும் பெட்டிகளின் மேல் அச்சாகிக்கொண்டே இருக்கிறது. அசல் போய்விட்டது, வட்டியை மட்டும் நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதில் ஏமாற்று மட்டுமே இருப்பதாக நான் கருதவில்லை. என் பெட்டியைச் செய்தவர் ஒருவேளை நேர்மையானவராகவே இருக்கலாம். ஒரு பழைய பாகத்தை முன்னால் வைத்து, அளவுகளைத் துல்லியமாக எடுத்து, அதே போல் செய்திருக்கலாம். பாகத்தைப் பார்த்துப் படி எடுப்பவருக்கு வடிவம் கிடைக்கும். வார்ப்பின்போது அச்சின் அடியில் ஒரு தகடு இருந்தது என்ற செய்தி கிடைக்காது. அது வரைபடத்தின் ஓரத்தில் எழுதப்பட்ட ஒரு குறிப்பு. வரைபடம் போனால் குறிப்பும் போயிற்று. எழுத்துகளின் வடிவத்தை மட்டும் பார்த்து எழுதியவர் அந்த மொழியை அறிந்தவர் ஆகமாட்டார் அல்லவா? அதுவேதான் இங்கும் நிகழ்கிறது.

பிரித்தானியாவிலும் இந்தத் துன்பம் உண்டு. 1975இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம், 1988இல் எம்ஜிபி காரின் முழு உடற்கூட்டையும் பழைய அச்சுகளைக் கொண்டே மீண்டும் செய்யத் தொடங்கியது. அச்சும் வரைபடமும் காப்பாற்றப்பட்டால் என்ன இயலும் என்பதற்கு அது சான்று. அத்தகைய ஏற்பாடு இருக்கும் நாட்டிலேயே, மென்மையான டேப்பெட்டுகளால் கேம் அழிந்த கதைகளை எம்ஜி உரிமையாளர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் கடினத்தை அளந்து பார்த்து வாங்கக் கற்றுக்கொண்டார்கள். நாம் இன்னும் பெட்டியின் மேலிருக்கும் சொல்லைப் படித்து வாங்குகிறோம்.

நம் சட்டமும் இதே சொல்லில் தடுக்கி விழுகிறது. 2021இல் மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்கென ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவில் பேணப்பட்டு, இயந்திரத்திலோ உடற்கூட்டிலோ பெரும் மாற்றம் செய்யப்படாத வாகனத்துக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் தனிப் பதிவெண் கிடைக்கும். நல்ல விதிதான். ஆனால் மூல வடிவம் என்று அது கேட்பது கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை. உள்ளே ராக்வெல் 38இல் ஒரு டேப்பெட் இருந்தால் அந்த வாகனம் மூல வடிவில் இருப்பதாகவே கருதப்படும்.

பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டின் விதிகளைப் பாருங்கள். உற்பத்தியாளரின் பெயர், முகவரி, உள்ளிருக்கும் எண்ணிக்கை, மாதம், ஆண்டு, உச்ச விற்பனை விலை ஆகியவற்றைப் பெட்டியின் மேல் அச்சிட வேண்டும். ஒரு டேப்பெட்டைப் பற்றி வாங்குபவர் அறிய வேண்டிய முதன்மையான செய்தியான அதன் கடினம், அந்தப் பட்டியலில் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கூர்மையானது. பொருளால் விளையும் தீங்குக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் அச்சட்டத்தின் 84ஆம் பிரிவு, தீங்கைத் தவிர்க்கும் வகையில் சரியான பயன்பாட்டு அறிவுரை தராமல் இருப்பதையும் ஒரு காரணமாக ஏற்கிறது. உற்பத்தியாளர் யாரென்றே தெரியாதபோது விற்றவரைப் பொறுப்பாக்கவும் வழி உண்டு. ஆனால் தீங்கு என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறையில், குறையுள்ள பொருளுக்கே நேர்ந்த சேதம் அடங்காது. மென்மையான டேப்பெட் தன்னைத்தான் அழித்துக்கொண்டால் அது தீங்கன்று. வேறொருவர் செய்த நல்ல கேமையும் சேர்த்து அழித்தால் வாதிட இடமுண்டு. டேப்பெட்டும் கேமும் எப்போதும் இணையாகவே அழியும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

பழைய கார் பணக்காரர்களின் பொழுதுபோக்கு. இதற்கு ஏன் இத்தனை நீளம் என்று சிலர் கேட்கக்கூடும். ஒன்று, எல்லாப் பழைய காரும் பணக்காரர் வீட்டில் நிற்பதில்லை. இரண்டு, பாகம் தோற்றால் இழப்பவர் உரிமையாளர் மட்டும் அல்லர். எனக்குப் போனது பணம். உஸ்தாத்துக்குப் போனது பெயர். நான் பட்டறையில் பேசியது வெளியே பரவி, இரண்டு வாடிக்கையாளர்கள் வேறிடம் சென்றுவிட்டார்கள் என்று அவருடைய சீடர் ஒருவர் பின்னர் என்னிடம் சொன்னார். விளம்பரமோ உத்தரவாதச் சீட்டோ இல்லாத சிறு பட்டறைக்குப் பெயர் ஒன்றே முதல். பாகம் செய்தவர் யாரென்று தெரியாத இடத்தில், பாகத்தைத் தொட்ட கடைசிக் கையின் மேல்தான் எல்லாப் பழியும் இறங்கும். மூன்று, செய்தவர் கைவிட்ட இயந்திரம் அம்பாசிடர் ஒன்று மட்டும் அன்று. தையல் எந்திரம், நீரேற்றும் பம்புசெட், அச்சு எந்திரம் என்று உற்பத்தி நின்றபின்னும் மக்களுக்குச் சோறு போடும் எந்திரங்கள் பல. அவற்றின் உதிரிப்பாகப் பெட்டிகளின் மேலும் இதே சொல்தான் அச்சாகியிருக்கிறது.

ஆகவே என் கருத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். ஒரிஜினல், கம்பெனி மால், ஓஇ தரம் போன்ற சொற்களை நம்பி வாங்குவதை நிறுத்துவோம், அளவிடத்தக்கவற்றைக் கேட்போம். என்ன உலோகம், முகத்தின் கடினம் எத்தனை, முகம் குவிந்ததா தட்டையா, எந்த வகைக் கேமுடன் இணைய வேண்டியது என்ற நான்கு செய்திகளைப் பெட்டியின் மேல் ஒரே வரியில் அச்சிடலாம். ஒவ்வொரு வார்ப்பிலும் ஒன்றிரண்டை எடுத்துக் கடினம் அளப்பது பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று. அளந்து விற்பவர் கூடுதல் விலை கேட்டால் கொடுப்பதே முறை.

உற்பத்தியை நிறுத்தும் நிறுவனம் தன் வரைபடங்களையும் உலோகக் குறிப்புகளையும் பொது ஆவணக் காப்பகம் ஒன்றில் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் கேட்க வேண்டும். பெயருக்கு 80 கோடி விலை உண்டு. அந்தப் பெயரை நம்பி வண்டி வாங்கியவர்களுக்கு வேண்டிய காகிதங்கள் எங்கோ மட்கிப்போவது முறையன்று.

பெட்டிக்குள் ஒரு தாள் வேண்டும். அதுவும் மெக்கானிக் படிக்கும் மொழியில். புதிய கேமுக்குப் புதிய டேப்பெட்டையே போடுங்கள். பழகிய டேப்பெட்டைப் புதிய கேமின் மேல் வைக்காதீர்கள். பூட்டும்போது உரிய பசையைத் தடவுங்கள். முதன்முதல் கிளப்பியதும் மெதுவோட்டத்தில் விடாமல், நிமிடத்துக்கு 2,000 சுற்றுகளுக்கு மேல் இருபது நிமிடம் ஓடவிடுங்கள். மெதுவோட்டத்தில் கேமின் மேல் எண்ணெய் தெறிப்பது குறைவு, உச்சியில் அழுத்தமோ அதிகம். புஷ்ராடுகள் சுழல்கின்றனவா என்று பாருங்கள். இவ்வளவுதான். உஸ்தாத் இவை அனைத்தையும் தாள் இல்லாமலே செய்தார். அடுத்த தலைமுறைக்கு எழுத்து வேண்டும்.

ஜனவரியில் உஸ்தாத்திடம் சென்று, அந்த எண்களைக் காட்டி, சீடர்கள் இருக்கும்போதே மன்னிப்புக் கேட்டேன். நிறுத்திய கூலியையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். எண்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதற்கு எந்திரம் எதற்கு, பேட்டா? புது அரத்தை மெல்ல ஓட்டிப் பார். நல்ல டேப்பெட்டில் அரம் வழுக்கும், கெட்டதில் கடிக்கும். அன்றைக்கே சொல்லியிருப்பேன். அரம் வைத்த பாகத்தைக் கடைக்காரன் திரும்ப வாங்கமாட்டானே!" என்றார். பிறகு பிஸ்கட் டின்னைத் திறந்தார்.

அளவீட்டுக்குக் கொடுத்த மூன்று போக, பழைய டேப்பெட்டுகள் ஐந்து மீந்திருந்தன. அவருடைய சேமிப்பிலிருந்து அதே காலத்தவை மூன்றைச் சேர்த்து எட்டையும் சாணை பிடித்தார். பழைய கேமையும் தீட்டிப் பொருத்தினார். இன்றுவரை 4,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்ற வாரம் மூடியைக் கழற்றி அளந்தோம். எட்டு வால்வுகளும் சமமாக உயர்கின்றன.

அம்பாசிடரோ வேறு பழைய எந்திரமோ வைத்திருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய பாகம் விரைவில் தேய்ந்த அனுபவம் இருந்தால் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள்: எந்தப் பாகம், எத்தனை கிலோமீட்டர், அளந்திருந்தால் கடினம் எத்தனை. கடையின் பெயர் வேண்டாம், எண்கள் போதும். எண்கள் சேரட்டும். அதுவரை, பூட்டியவரைக் குறை சொல்லும் முன் பாகத்தை ஒருமுறை அளந்து பாருங்கள்.